உடன் இறங்குவது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தனியாகக் கிளம்பிவந்து, வழிகாட்டியுள்ள குழுவில் சேர்ந்து உயர்மலை ஏறுகிறவர்கள் முன்பணம் கட்டும்போது கூடாரம், சாப்பாடு, குளிர்ச்சட்டை பற்றியே விசாரிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: நடுவழியில் எனக்கு முடியாமல் போனால் என்னோடு கீழே இறங்குவது யார்?

ஒரே வழிகாட்டி உள்ள குழுவில் இதற்கு நல்ல பதில் கிடையாது. குழு மொத்தமும் திரும்ப வேண்டும், இல்லையென்றால் நோயாளி தனியே இறங்க வேண்டும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயரநோய் முற்றி, மூளையில் வீக்கம் தொடங்கியவருக்குத் தான் தடுமாறுவதே தெரியாது. அவரைத் தனியே அனுப்புவது கொடுமை. நண்பர்களோடு வந்தவருக்கு ஒரு துணையாவது இருக்கும். தனியாக வருபவர், உதவி வழிகாட்டி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பயணத் திட்டம். ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்கப்போகிறோம் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் அதைவிட உயரம் போய்த் திரும்பலாம், தவறில்லை. சில திட்டங்களில் ஓய்வு நாள் கடைசியில் இருக்கும். அது மழைக்கும் பனிக்கும் ஒதுக்கியது. உடம்பு உயரத்துக்குப் பழக அது உதவாது.

உயரநோய் பெரும்பாலும் புதிய உயரத்தை அடைந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலியாகத் தொடங்கும். கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி. இவற்றை வெயில், தூக்கமின்மை என்று சமாளித்துச் சொல்வதில் தனியாக வந்தவர்களே முன்னால் நிற்கிறார்கள். முன்பின் அறியாதவர்களின் பயணத்தைக் கெடுக்கக் கூடாதே என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கம் வேண்டாம். அறிகுறி இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது. அதே உயரத்தில் இருந்தும் கூடினால் இறங்க வேண்டும். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லை என்றால் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்காமல் இறங்குவதே வழி. பெரும்பாலும் 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே தெளிவு தெரியும். ஆக்சிஜனும் மருந்தும் இறங்குவதற்குத் துணைதான்.

நுரையீரல் பாதிப்பு இரவில் முற்றும். ஆகவே கூடுதல் பணம் கட்டித் தனிக் கூடாரம் கேட்காதீர்கள், ஒருவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் இரவிலும் காலையிலும் வந்து பேச்சுக் கொடுக்கும்படி வழிகாட்டியிடம் சொல்லிவையுங்கள்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை அளவோடு நம்பலாம். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் தவறும். எண் நன்றாக இருந்து உடம்பு மோசமாக இருந்தால் உடம்பையே நம்புங்கள். அசிட்டசோலமைடு என்ற உயரநோய்த் தடுப்பு மருந்தை மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முதல்நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அசிட்டசோலமைடு எடுத்தால் விரல்கள் மரத்துக் கூசும், சிறுநீர் அதிகம் போகும், பயப்பட வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது.

காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். ஹெலிகாப்டரை அழைக்குமுன் தங்களிடம் அனுமதி பெற வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்தத் தொலைபேசி எண், பாலிசி எண், ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டார் எண் எல்லாவற்றையும் தாளில் எழுதி ஒரு பிரதியை வழிகாட்டியிடம் கொடுங்கள். குளிரில் கைப்பேசியின் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். மேகம் மூடினால் ஹெலிகாப்டரும் வராது.

மலையேற்ற ஏற்பாட்டாளர்கள் ஒவ்வோர் இரவின் உயரத்தையும் உதவி வழிகாட்டிகளின் எண்ணிக்கையையும் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். தங்கள் நாளிதழின் பயணப் பக்கமும் இந்த இரண்டு விவரங்களையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மலையேற்ற வழிகாட்டிகள் சிலர்