டாக்டர் பாப்பாவுக்கு, பென்னாகரம் பக்கத்துல இருந்து

டாக்டர் பாப்பா,

நல்லா இருக்கியாம்மா. வந்த அன்னைக்கு உன்னை மேடம்னுதான் கூப்பிட்டேன், ரெண்டாவது நாள் எங்க வீட்ல களி சாப்ட்டதுக்கப்புறம் அது தானா பாப்பா ஆயிடுச்சு. ஊர்ல இன்னும் கேக்குறாங்க, அந்த ஊசி போடாத டாக்டர் எப்ப வரும்னு. முட்டி வலிய காட்ட வந்த கெழவிங்ககிட்ட நீ பட்ட பாடு இருக்கே! நான் ஆராய்ச்சி டாக்டர் பாட்டின்னு நீ சொன்னா, பரவால்ல கண்ணு ஒரு மாத்திரையாச்சும் குடுன்னு நின்னாங்க.

விஷயத்துக்கு வர்றேன். நீ ரெண்டு ஃபைல் வெச்சிருந்த இல்ல, ஒண்ணு போர் தண்ணி, பல்லு கறை, எலும்பு வலின்னு ஃபுளோரைடுக்கு, இன்னொண்ணு டிரம்முல புழு எண்ணுற டெங்கு ஃபைலு. நானும் டிபிசி வேலைக்குன்னு, அதான் வீடு வீடா கொசுப் புழு இருக்கான்னு பாக்குற வேலைக்கு, டார்ச்ச புடிச்சுக்கிட்டு தெருத்தெருவா நடக்குறவ, எனக்கு என்னமோ அந்த ரெண்டும் ஒரே ஃபைலுன்னுதான் தோணுது.

எப்படின்னா, எங்க பாறைக்குள்ளயே அந்த ஃபுளோரைடு இருக்குன்னு நீதான் சொன்ன, போர ஆழமா எறக்க எறக்க தண்ணி பாறையோடயே ஊறிக் கெடக்கும்னு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும், அதுக்கு மேல போனா பல்லு, இன்னும் போனா எலும்பு. நெல்லூர் பக்கம் 1937லயே இத கண்டுபுடிச்சு எழுதிட்டாங்கன்னு நீ சொன்னப்ப எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு, எங்க பாட்டி முதுகு வளைஞ்சு கெடந்தத ஊரே வயசுக் கோளாறுன்னுதான் சொல்லுச்சு.

2013ல ஒகேனக்கல் தண்ணி திட்டத்த தொறந்தாங்க, ஜப்பான் கடன்ல கட்டுனது. அந்தத் திட்டத்து பேர்லயே ஃபுளோரோசிஸ் இருக்கு பாத்துக்க, ஃபுளோரைடால வர்ற இந்த பல்லு, எலும்பு நோய்தான் அது. குறை சொல்ல மாட்டேன், என் மூத்தவளுக்கு பல்லு முழுக்க காவி, பொண்ணு பாக்க வந்தப்ப வாயத் தொறக்காம உக்காந்திருந்தா, அவ பொண்ணுக்கு பல்லு பால் மாதிரி இருக்கு. பல்லு உள்ளுக்குள்ள உருவாகுற வயசுலயே நல்ல தண்ணி கெடச்சிடுச்சு அதுக்கு.

ஆனா அந்த தண்ணி எங்க தெருவுக்கு தெனமும் வர்றதில்லயே. வர்ற அன்னைக்கு குடம், அண்டா, நீல டிரம்மு, சிமெண்ட் தொட்டின்னு எல்லாத்துலயும் புடிச்சு வெச்சாத்தான் அடுத்த வாட்டி வர்ற வரைக்கும் ஓடும். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கும் சாக்கடை வேணாம், இந்த நல்ல தண்ணிதான் வேணும். தண்ணிக்கு மேல செவுத்துல முட்டைய ஒட்டி வெச்சிட்டுப் போயிடுது, மாசக்கணக்கா காஞ்சு கெடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணி வந்து டிரம்மு ரொம்புறப்ப முட்டை நனைஞ்சு புழு நெளியுது. நான் போய் தண்ணிய கொட்டிட்டு தேங்கா நார் போட்டு உள்செவுத்த தேச்சு காய வைங்கன்னா, ஒரு அக்கா கேட்டுச்சு, "கொட்டிடுறேன், நீ போய் ஒகேனக்கல்ல இருந்து மோந்துட்டு வந்து ஊத்துறியா?" என்ன பதில் சொல்றது. புழுவ கொல்ற அபேட் மருந்து ஊத்திட்டு, பழைய பொடவைய மேல போட்டு இறுக்கிக் கட்டுக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சரி, சேத்து வெக்க வேணாம்னு விட்டா, நாலு நாள் தண்ணி வராதப்ப எல்லாரும் போருக்குத்தான் ஓடுறாங்க. களி கிண்டுறதும் அதுலதான். கொதிக்க வெச்சா சரியாயிடும்னு பாதிப்பேரு நெனைக்கிறாங்க, தண்ணிதான் ஆவியாப் போகுது, ஃபுளோரைடு சட்டியிலயே நிக்குதுன்னு நீ சொன்னத நான் எத்தன வீட்லம்மா சொல்றது. டிரம்முல வெச்சா டெங்கு, வெக்கலன்னா போரு. எங்க பொம்பளைங்க தெனமும் இந்த ரெண்டுல ஒண்ணத்தான் எடுக்குறாங்க.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உன் ரிப்போர்ட்டுல "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை"ன்னு எழுதாத தாயி. நான் போன மீட்டிங் எல்லாத்துலயும் அந்த வரிய கேட்டுட்டேன், அத சொல்லிட்டு டீ குடிச்சிட்டு கெளம்பிடுறாங்க. எந்தத் தெருவுல எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னு ஒரு கட்டம் போடு, அதுக்குப் பக்கத்துலயே புழு இருந்த டிரம்மு கணக்க போடு. பாக்குறவங்களுக்கு புரியும்.

அப்புறம் எங்க போர் நம்பருங்க. உனக்கு முன்னாடி ஒரு டீம் வந்து மூத்திரம் கூட பாட்டில்ல வாங்கிட்டுப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒரு பதிலும் இல்ல. நீ அப்படி பண்ண மாட்ட, தெரியும், இருந்தாலும் சொல்றேன். எந்த கைபம்புல எவ்ளோ ஃபுளோரைடுன்னு போன்ல அனுப்பு போதும், பெயிண்ட் வாங்கி நானே எழுதிடுறேன்.

புது புளி கொட்டை எடுத்து வெச்சிருக்கேன், வந்தா வாங்கிட்டுப் போ. நீ விட்டுட்டுப் போன டார்ச்சு என்கிட்டதான் இருக்கு, பேட்டரி மட்டும் மாத்துனேன்.

இப்படிக்கு,
உன் கூட டிரம்மு எட்டிப் பாத்த அக்கா