செயலாளர் ஆண்டறிக்கை: பாய்மரம் ஏறிய பிள்ளை

தலைவர் அவர்களுக்கும், முன்னாள் கடற்படையினரான உறுப்பினர்களுக்கும், குடும்பத்தாருக்கும் வணக்கம்.

தூத்துக்குடியில் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஓய்வூதிய மனுக்களில் சிலவற்றுக்குத் தீர்வு கிடைத்தது, மற்றவை இழுபறிதான். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

டிசம்பர் 4, கடற்படை தினக் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேரளத்தின் எழிமலைக் கடற்படை அகாடமியில் படிப்பை முடித்து, கொச்சியில் கடற்பயிற்சி பெற்ற நம் உறுப்பினர் ஒருவரின் மகன், ஐ.என்.எஸ். தரங்கிணி என்ற பாய்மரப் பயிற்சிக் கப்பலில் கற்றதை மாணவர்களுக்குச் சொன்னார். கோவாவில் கட்டி 1997-இல் கடற்படையில் சேர்ந்த கப்பல். 3 பாய்மரம், 20 பாய். 2003–04-இல் உலகையே சுற்றி வந்தது. 2012-இல் சேர்ந்த சுதர்சினி அதன் தங்கைக் கப்பல்.

முதல் சில நாள் வாந்தியும் வாளியுமாகப் போனதாம். அப்புறம் பாய்மரத்தில் ஏறச் சொன்னார்கள். காற்று வரும் பக்கமாகத்தான் ஏற வேண்டும். அப்போதுதான் காற்று ஆளைக் கயிற்றேணியோடு சேர்த்து அழுத்தும். மேலே குறுக்குக் கட்டையில் வயிற்றைச் சாய்த்து, கீழே தொங்கும் கம்பிக் கயிற்றில் நின்று, இரண்டு கையாலும் பாயைச் சுருட்ட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் கால் வைத்தால் நம் காலடிக் கயிறு துள்ளும். அதனால் குரல் கொடுத்துவிட்டுத்தான் கால் வைப்பார்கள். இடுப்பு பெல்ட்டை மாட்டாமல் யாரும் நகரக் கூடாது.

முன்வரிசையில் இருந்த பழைய தோணித் தண்டல் (தோணியை நடத்தும் தலைவர்) ஒருவர், “எங்களுக்கு ஏது தம்பி பெல்ட்டு? கால்விரல்தான் பெல்ட்டு” என்றார். அவரை மேடைக்கே அழைத்துவிட்டோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளை அவர் சொல்லச் சொல்ல, காற்றின் திசையை டிகிரிக் கணக்கில் படித்த நம் தம்பி குறித்துக்கொண்டார். (ஒலிபெருக்கி பாதியில் நின்றதும் நல்லதுதான், எல்லாரும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள்.)

“ஏவுகணைக் காலத்தில் பாய் எதற்கு?” என்று பிளஸ் டூ மாணவர் ஒருவர் கேட்டார். எஞ்சின் கப்பலில் ஒருவர் தூங்கி வழிந்தாலும் கப்பல் ஓடும், பாய்க்கப்பலில் ஒரு கை தளர்ந்தாலும் கயிறு காட்டிக்கொடுக்கும் என்றார் தரங்கிணியில் பயின்ற தம்பி. சரியான பதில் என்பது என் அபிப்பிராயம்.

கூட்டம் முடிந்ததும் கப்பலேற ஆசைப்பட்டுப் பலர் பெயர் கொடுத்தார்கள். விசாரித்தால், துறைமுக ஊரில் பிறந்தும் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியவில்லை. ஆகவே மே விடுமுறையில் நீச்சல் வகுப்பு நடத்தச் செயற்குழு முடிவு செய்துள்ளது. பெற்றோர் சம்மதக் கடிதம் கட்டாயம். வீட்டில் தயங்கினால் நாங்களே வந்து பேசுகிறோம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்