பெல்ட்டை மாற்றாமல் ஓட்டாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் கைக்கு வந்து சேர்ந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் எடுத்த எடுப்பில் கேசட்டைப் போட்டுவிடாதே. யார் வீட்டுப் பரணில் எத்தனை வருஷம் கிடந்த சாமானோ. உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். சிலவற்றில் உருகிப் பிசுபிசுவென்று கப்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டு இழுத்தால் பரவாயில்லை, நிறுத்திவிடலாம். டேப்பைச் சுற்றி வாங்குகிற பக்கம் நின்றுபோனால்தான் ஆபத்து. டேப் வெளியே வழிந்து ரோலரில் சிக்கிவிடும். உருவி எடுத்தாலும் கசங்கிய இடம் கசங்கியதுதான். அதனால் முதலில் பெல்ட்டை மாற்று. பிறகு பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் துடை. நன்றாகக் காய்ந்த பிறகு ஓட்டு. பழைய கேசட் எதுவானாலும் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் கேள். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மெஷினுக்குள்ளேயே விடாதே, ஹெட்டும் கெட்டுவிடும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ எடுப்பதில்லை. வேலை இருக்கும்.

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்காதே. நீ சாமான் வரவழைக்கிற கணக்கு காலேஜில் சேர்ந்தபோது திறந்தது, இன்னும் என் நம்பரில்தான் இருக்கிறது. மாற்றிக்கொள் என்றால் "இருக்கட்டும்ப்பா" என்பாய். ஆகவே என்ன வாங்கினாய், எப்போது வாங்கினாய், யார் கையில் கொடுத்தான் என்பதெல்லாம் எனக்கு வந்துவிடுகிறது. ஓடிபி வந்ததும் வாட்ஸப்பில் உனக்குத் தள்ளுகிறேன். நீ ஒரு கட்டைவிரலைப் போடுகிறாய். "பாப்பா பேசினாளா" என்று அம்மா கேட்டால் "ம், பேசினா" என்று சொல்லிவைக்கிறேன்.

உளவு பார்க்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் நீ ஆர்டர் போடுவது ராத்திரி 2 மணிக்கு, 2.30-க்கு. பாத்ரூம் போக எழுந்தால் போனில் வெளிச்சம். அந்த நேரத்தில் யாராவது டேப் ரெக்கார்டர் வாங்குவார்களா? கடையைச் சாத்திக்கொண்டு போகிற காலத்தில் ராத்திரி வந்த ஆசை காலை ஒன்பதுவரை காத்திருக்க வேண்டும். பாதி ஆசை விடிவதற்குள் போய்விடும். இப்போது சாத்துவதே இல்லை. தூக்கம் வராதவர்களை நம்பித்தான் இந்த வியாபாரத்தில் பாதி நடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். நேரத்துக்குத் தூங்கு.

நீ வாங்கியவற்றை வரிசையாகப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது. டூ-இன்-ஒன், பழைய கேசட் ஒரு கட்டு, முத்து காமிக்ஸ் மறுபதிப்புகள், பெட்டி டிவி மாதிரியே செய்த புளூடூத் ஸ்பீக்கர். எல்லாம் என் காலத்துச் சாமான், பாப்பா. நீ பிறந்தது 1993, சன் டிவி வந்த வருஷம். உன் காலம் என்றால் நோக்கியா 1100. 2003-ல் வந்தது, தலையில் டார்ச் லைட்டோடு. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றார்கள். நீ அதில் பாம்பு விளையாடியே பட்டனைத் தேய்த்தவள். அதைத் தேடி வாங்கினால் எனக்குப் புரியும். பார்க்காத காலத்துக்கு எப்படி ஏங்க முடியும்? "அவ காலத்தை அவ தேடல, நாம இளசா இருந்த காலத்தைத் தேடறா" என்கிறாள் அம்மா. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்குத்தான் உடனே ஒப்புக்கொள்ள வரவில்லை.

நீ மட்டும் இல்லை, தெரிகிறது. 2020-ல் அமெரிக்காவில் சிடி விற்ற பணத்தைவிட இசைத்தட்டு விற்ற பணம் அதிகம். கேசட்டும் புதிதாகப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். பிலிப்ஸ் கம்பெனியில் 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்த குழுவுக்குத் தலைவர் லூ ஓட்டன்ஸ், 2021-ல் காலமானார். அவருக்கே கேசட்மேல் இந்த ஏக்கம் கிடையாது. சிடி வந்ததில் அவருக்கும் பங்குண்டு, சத்தம் என்றால் சிடிதான் என்று சொன்னவர். செய்தவருக்கு அது ஒரு சாமான், அவ்வளவுதான். நமக்குத்தான் அதில் வேறென்னவோ.

எனக்கு அந்த வேறென்னவோ எது என்று கேட்டால், பாட்டு இல்லை. பாட்டு இப்போது எங்கேயும் கிடைக்கிறது. வீட்டில் ரேடியோ தனி, டேப் தனியாக இருந்த நாளில் ரேடியோ முன்னால் டேப்பை வைத்து, ரெக்கார்டும் பிளேயும் சேர்த்து அமுக்கிவிட்டு, யாரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்போம். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதோ கே.எஸ். ராஜாவோ பேச ஆரம்பித்ததும் பாஸை அமுக்குவேன். அவர்கள் குரல் கேசட்டில் விழக்கூடாது என்று அப்படி ஒரு கவனம். இப்போது அந்தப் பாட்டையெல்லாம் தட்டினால் கேட்கலாம். நான் வெட்டி எறிந்த அந்தக் குரல்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் குக்கர் விசில் மட்டும் தப்பித்தது. இரண்டாவது சரணம். டிவியில் அந்தப் பாட்டு வந்தபோது "விசில் எங்கப்பா" என்று நீ கேட்டதைச் சித்தப்பா இன்னும் எல்லாரிடமும் சொல்கிறார்.

ஆனால் அந்தக் காலம் ஏதோ சொர்க்கம் என்று நீ நம்பிவிடக்கூடாது. பொறுமை மிகுந்து ஒரே கேசட்டைத் தேயத் தேயக் கேட்கவில்லை, இன்னொன்று வாங்க வழியில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், நாம் கேட்ட பாட்டு இல்லையென்று அவனுக்குப் பிடித்த பாட்டை ஏற்றித் தருவான். அதையும் வாங்கிக்கொண்டு வருவோம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க அடுத்த வீட்டுத் திண்ணையில் நின்றவன் நான். அங்கே அந்தப் பாட்டி கதவை எந்த அளவுக்குத் திறந்து வைப்பார் என்பது அன்றைக்கு அவர் மனநிலையைப் பொறுத்தது. 1987-ல் ஞாயிற்றுக்கிழமை ராமாயணம் ஆரம்பித்தபோதுதான் இனி முடியாது என்று ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டு சாலிடேர் டிவி வாங்கினேன். ஒருவருக்கும் இந்தி தெரியாது, ஒரு வாரம்கூட விட்டதில்லை. இந்தித் தொடர் ஜுனூன் தமிழில் பேசவைத்து வந்தது உனக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். அம்மா கோபத்தில் இன்னும் அதே தமிழில்தான் பேசுகிறாள்: "வரப்போறீங்களா சாப்பிட நீங்க?"

சொசைட்டி லோன் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வட்டியில்லாத் தவணை போட்டிருக்கிறாய், செய்தியில் வந்தது. வட்டியில்லாமல் எந்த பேங்கும் கொடுக்காது. பேங்க் வட்டியை வாங்கிக்கொள்கிறது. அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி என்று விற்பவன் காட்டுகிறான். வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி மட்டும் உன் தலையில் விழும், பில்லைப் பார். எங்கள் சொசைட்டியில் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். சம்பளம் வருகிறவரைக்கும் கவலையில்லை. கார்டுக்கு அது தெரியாது. சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் கேட்கும்.

வேறு செய்தி: சித்தப்பா வீட்டில் மாடி எடுக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. மாமா உன்னைக் கேட்டார். இன்னும் எழுத நிறைய இருந்தது. உட்கார்ந்தால் ஒன்றே வந்து நிற்கிறது. பார்சல் கொடுத்தாகிவிட்டது என்று வருகிற செய்தியில் நேரமும் இருக்கிறது. புதன்கிழமை பகல் 11.40, நேரில் பெற்றுக்கொண்டார். அதற்கு முந்தினது திங்கள் 12.15. இனி வாரத்தில் நாலு நாள் ஆபீஸ் போயே ஆகணும் என்று தீபாவளிக்கு வந்தபோது அலுத்துக்கொண்டாய். மறுபடி மாற்றிவிட்டார்களோ என்னவோ. கம்பெனிகளில் இப்போது அடிக்கடி மாற்றுகிறார்கள், பேப்பரில் படிக்கிறேன். உன்னைப்போல் வேலை தெரிந்த பிள்ளைகளுக்கு ஒன்று போனால் ஒன்பது என்று மாமாவிடம் பொதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

நீ கெட்டிக்காரி. அதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை. முன்னிசை ஆரம்பித்ததுமே, வயலின் வருவதற்குள், பாட்டைச் சொல்லிவிடுவாய். ஆபீஸில் என் நண்பர்கள் உன்னைச் சோதிக்கவென்றே வீட்டுக்கு வருவார்கள். எக்கோ கேசட்டின் அட்டையை வைத்துத்தான் நீ எழுத்துக் கூட்டியதே. இசை: இளையராஜா. நீ முதலில் படித்த வரி அதுதான், அகர முதல எல்லாம் பிறகு. அவ்வளவு கூர்மையான காது, போன் அடிப்பது மட்டும் கேட்பதில்லை.

சண்டைக்கு எழுதவில்லை. போன் பேசுவது உனக்குப் பிடித்த விளையாட்டு என்பதால் சொன்னேன். கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய முடியாது என்று நான் உடைத்து வைத்திருந்தேன். நீ அந்த ஓட்டையில் செலோடேப்பை ஒட்டி, என் நல்ல சி-90 ஒன்றை எடுத்து, டிவியில் போன் பண்ணுகிறவர்களுக்குப் பாட்டுப் போடுகிற பெப்சி உமா ஆகிவிட்டாய். "ஹலோ, யார் பேசறீங்க? எங்கேருந்து பேசறீங்க? உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?" எல்லா ஊரிலிருந்தும் நானே பேசினேன். ஒரு பக்கம் 45 நிமிஷம், முழுக்க அதுதான். கீழே இருந்த பாட்டு போயே போச்சு. அந்தக் கேசட்டில் பூஞ்சை இல்லை, பார்த்துவிட்டேன். உனக்கு அனுப்பமாட்டேன். முதலில் பெல்ட்டை மாற்று.

அனுப்பாததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. உன் பக்கம் போன பொருள் நிற்பதில்லை. ஆர்குட்டில் நீயும் உன் சிநேகிதிகளும் எழுதி வைத்ததெல்லாம் 2014-ல் கடையை மூடியபோது போய்விட்டது என்று அழுதாய். 2009-ல் அமேசான், கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிக்குள்ளேயே புகுந்து ஆர்வெல் புத்தகங்களை அழித்தது. விற்றவனுக்கு உரிமை இல்லையாம், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அழித்ததில் ஒன்று '1984', பழைய பதிவுகளை அரசாங்கம் அழித்துக்கொண்டே இருக்கும் கதை! கலிஃபோர்னியாவில் 2025-லிருந்து, 'வாங்கு' என்று பட்டன் வைத்தால் இது உரிமம்தான், உனக்குச் சொந்தமில்லை என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும் எனச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நீ கேசட்டுக்குத் திரும்பியதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். பகலில், தூங்கி எழுந்து, ஒன்றொன்றாக வாங்கு. சி-120 மட்டும் வேண்டாம். டேப் மெலிசு, சீக்கிரம் சிக்கும்.

டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் நின்றுவிட்டால் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு அட்டை போடுவான். என்ன தடங்கல், யாரால், எப்போது சரியாகும், ஒன்றும் இருக்காது. ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டோம். ஏதோ கோளாறு, சரிசெய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதே. உன்னிடம் நான் காரணம் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கமாட்டாள், நான் சொல்லி வைக்கிறேன். அந்த ஒரு அட்டையைப் போட்டால் போதும்.

இந்த மாதம் எங்களுக்குப் பணம் அனுப்பாதே. டிஏ அரியர்ஸ் வந்திருக்கிறது, செலவழிக்க வழி தெரியாமல் இருக்கிறேன். அடுத்த மாதமும் வேண்டாம். அதை வேறெங்காவது கட்டவேண்டியிருந்தால் அங்கே கட்டு. கேட்கக் கூச்சப்படுகிற பழக்கம் உனக்கு அம்மாவிடமிருந்து வந்தது, என்னிடம் வேண்டாம். நேரத்துக்குத் தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு.

அடுத்த பார்சலுக்கு ஓடிபி வந்தால் இனி வாட்ஸப்பில் அனுப்புவதாக இல்லை. போன் பண்ணு, சொல்கிறேன். டெலிவரிப் பையன் வாசலில் நின்றுகொண்டிருப்பான், அவனை ரொம்ப நேரம் நிற்கவைக்காதே.

அன்புடன்,
அப்பா