காய்ச்சல் என்று சொல்லும் பிள்ளையை பஸ் ஏற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூரில் இருக்கும் என் தம்பியின் மகள் இந்த ஆண்டு சேலத்தில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். விடுதிப் படிவத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட என்னிடம் கொண்டுவந்தாள். கூடவே இருந்த விதிமுறைத் தாளில் பதினேழாவது விதியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். காய்ச்சல், இருமல் போன்ற தொற்று அறிகுறி உள்ள மாணவியர் எக்காரணம் கொண்டும் விடுதியில் தங்க அனுமதிக்கப்பட மாட்டார்கள், உடனே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள் என்று இருந்தது.

இந்த விதி எனக்குப் பழக்கமானது. கொரோனாவுக்குப் பிறகு கல்லூரிகளைத் திறக்க 2020 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதலில் இது இருந்தது. ஓர் அறையில் ஒருவர்தான் தங்க வேண்டும், அறிகுறி உள்ளவரை எந்தச் சூழ்நிலையிலும் விடுதியில் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். நான் அப்போது ஒரு கல்லூரியின் ஆண்கள் விடுதியில் துணைக் காப்பாளர். அந்த விதியை நிறைவேற்றிய கை என்னுடையது. அதனால்தான் இந்தக் கடிதம்.

2020 டிசம்பர் 7-இல் இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி திறந்தது. ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், சென்னை ஐ.ஐ.டி. விடுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. பல விடுதிகளுக்கும் சேர்த்து ஒரே மெஸ் இயங்கியதைக் காரணமாகச் சொன்னார்கள். மாணவர்களைக் கிண்டி கிங் ஆய்வக வளாக மருத்துவமனையில் சேர்த்தார்கள், மற்றவர்களுக்குச் சாப்பாடு பொட்டலமாக அறைக்கே போனது. மாநிலம் முழுக்க விடுதிகளில் பரிசோதனை செய்யச் சொல்லி உத்தரவும் வந்தது. எங்கள் நிர்வாகம் நடுங்கிப்போனது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான்.

அந்த மாதக் கடைசியில் ஒரு பையன் இரவு ஒன்பது மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றான். கல்வராயன் மலைப் பிள்ளை. உள்ளே வரவில்லை, நாலடி தள்ளி நின்றே, “சார், காய்ச்ச அடிக்குது” என்றான். தெர்மாமீட்டர் 101 காட்டியது. மேலே கேட்டேன், விதிப்படி செய்யுங்கள் என்றார்கள். காலையில் அவனிடம் இரண்டு முகக்கவசமும், தாளில் மடித்த நாலு பாராசிட்டமால் மாத்திரையும், ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டவன், “வீட்ல பாட்டி இருக்கு சார். ஒரே ரூமு. நான் இங்கயே கதவ சாத்திக்கிட்டு இருக்கேனே?” என்று கேட்டான். இருபது அறை காலியாகக் கிடந்தது. போ என்றேன்.

சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ். அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. எட்டாம் நாள் பாட்டிக்கு மூச்சுத் திணறல், ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பாட்டி பிழைத்துவிட்டார். அந்த இரண்டு பஸ்ஸிலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு விடுதியில் யாருமே காய்ச்சல் என்று சொல்லவில்லை. காய்ச்சல் இல்லாமல் இல்லை. பிப்ரவரியில் எல்லா ஆண்டு மாணவர்களும் வந்ததும் ஓர் அறைக்கு ஒருவர் என்பதும் காணாமல் போனது, மூன்று பேர் படுத்தார்கள். வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் தெர்மல் ஸ்கேனர் இருந்தது. பையன்கள் ஏழு மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டு எட்டரைக்கு அதன் முன்னால் வந்து நிற்பார்கள். ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “சொன்னா பெட்டியக் கட்டச் சொல்லிடுவீங்க சார். பிராக்டிகல் போயிடும், அட்டெண்டன்ஸ் போயிடும்” என்றான். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் அபராதக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது கல்லூரியில் படித்த எவருக்கும் தெரியும். கூலி வேலை செய்யும் அப்பாவிடம் அந்தப் பணத்தைக் கேட்பதைவிடக் காய்ச்சலை மறைப்பது அவனுக்குச் சுலபம். மார்ச்சில் கல்லூரிகளை மறுபடி மூடியபோது எங்கள் விடுதியில் எத்தனை பேருக்கு வந்து போயிருந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

2021 செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது புது முதல்வர் வந்திருந்தார். நல்ல மனிதர், நாங்கள் சொன்னதைக் காதில் வாங்கினார். தரைத்தளத்தின் கோடியில் ஆறு அறைகளை ஒதுக்கி, அவற்றுக்கென்று ஒரு கழிவறையையும் விட்டோம். வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது, இதில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். அறையைத் தனியாகக் கொடுத்துவிட்டுக் கழிவறையைப் பொதுவாக வைத்தால் அதற்குப் பெயர் தனிமைப்படுத்தல் இல்லை. உள்ளே இருக்கும் நாட்களுக்கு வருகைப்பதிவு உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரண்டு வாங்கினோம், 94-க்குக் கீழே இறங்கினால் உடனே 108. சாப்பாட்டை வாசல் முக்காலியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிச் சொல்வோம். ரசம் சூடாக இருக்க வேண்டும் என்று மெஸ்ஸில் தனியாகச் சொல்லி வைத்தேன். ஆறின சோற்றைத் தின்றுகொண்டு நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை மூன்றாம் நாள் தப்பித்து வெளியே வரத்தான் பார்ப்பான். மெஸ் அண்ணன்களுக்கும் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு. அதுவரை அவர்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை, இருநூறு பேருக்குப் பரிமாறுகிற கை அவர்களுடையது.

2022 ஜனவரி முதல் வாரம் ஒமிக்ரான் வந்தபோது ஒன்பது பேர் தாங்களாகவே வந்து சொன்னார்கள். அந்த நேரத்தில் மத்திய அரசும் லேசான தொற்றுக்கு ஏழு நாள், அதில் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் போதும் என்று மாற்றியது. ஏழு நாள் என்றால் பையன்கள் ஒத்துழைக்கிறார்கள், பதினான்கு நாள் என்று சொன்ன காலத்தில் ஒருவனும் வாய் திறக்கவில்லை.

கொரோனா போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். விடுதியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டு தவறாமல் அம்மை வரும், மெட்ராஸ் ஐ வரும், ஃப்ளூ வரும். அம்மை போட்ட பிள்ளையை வேப்பிலைக் கொத்தோடு பஸ் ஏற்றிவிடுவது இன்றும் நடக்கிறது. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது பிறருக்குப் பரவும். அந்த பஸ்ஸில் ஒரு கர்ப்பிணி இருந்தால்?

உயர்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். நோய் வந்த பிள்ளையை வெளியேற்றும் விதி எந்த விடுதியில் இருந்தாலும் அதை நீக்கச் சொல்லுங்கள். கழிவறையோடு சில அறைகள், அந்த நாட்களுக்கு வருகைப்பதிவு, மெஸ் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பு, இவை இருந்தால்தான் விடுதிக்கு அனுமதி என்று ஓர் அரசாணை போடுங்கள். வீடு பக்கத்தில் இருந்து, பெற்றோரே வண்டி கொண்டுவந்து கூட்டிப்போனால் சரி, போகட்டும். பஸ்ஸில் மட்டும் அனுப்பாதீர்கள்.

படிவத்தைக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதினேழாவது விதியைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் ‘காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள், நானே வந்து அழைத்துப் போகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உள்ளூரில் பெரியப்பா இல்லாத பிள்ளைக்கு அப்படி ஒரு வரியை அரசுதான் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதித் துணைக் காப்பாளர்,
சேலம்.