ஹிட்ஸ் சி.டி.யை இனி யாரும் வாங்கமாட்டார்கள் என்று சொல்லும் இசை நிறுவனங்களுக்கு

தமிழ்த் திரைப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையைக் கையில் வைத்திருக்கும் எல்லா நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். கோவில்பட்டியில் 1988இலிருந்து 2012 வரை கேசட் கடை வைத்திருந்தவன் நான். கேசட்டில் ஆரம்பித்து சி.டி.யில் முடித்தேன். "ஹிட்ஸ் தொகுப்புக்கெல்லாம் இப்போது விற்பனையே இல்லை, அதனால் போடுவதில்லை" என்று உங்கள் தரப்பில் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் மனசு பொறுப்பதில்லை. விற்பனை விழுந்தது உண்மைதான். கல்லாவில் உட்கார்ந்து அதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அது தானாக மட்டும் விழவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

புதுப்படக் கேசட்டுக்கு என் கடையில் ஆயுசு மூன்று மாதம். படம் நன்றாக ஓடினால் ஆறு மாதம். தொகுப்புக் கேசட் அப்படியில்லை, வருஷம் பூராவும் போய்க்கொண்டே இருக்கும். ஆடி பிறந்தால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், கார்த்திகை பிறந்தால் வீரமணியின் ஐயப்பன் பாடல்கள். டீக்கடைக்காரர்களுக்கு எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள். லாரி டிரைவர்கள் சோகப் பாடல்களை விரும்பி வாங்குவார்கள். ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்க அதுதான் நல்லது என்று ஒருவர் சொன்னார், எனக்கு இன்றும் அது புரியவில்லை. அந்தக் காலத்தில் ஏ சைடில் ஒரு படம், பி சைடில் இன்னொரு படம் என்று இரண்டு படங்களை ஒரே கேசட்டில் போடுவீர்கள். ஒரு பாட்டுக்காக ஆசைப்பட்டவர் மற்ற பத்தையும் சேர்த்து வாங்கவேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஹிட்ஸ் கேசட். பன்னிரண்டும் பிடித்த பாட்டு என்றால் யார் வாங்கமாட்டார்கள்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ்களில் சனிக்கிழமை சம்பளம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பெண்கள் வந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு எம்ப்டி கேசட் வாங்கினார்கள். கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி மடித்து வைத்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "அண்ணாச்சி, சோகப் பாட்டை முதல்ல போட்டுறாதீங்க. காலையிலயே கை ஓடாது."

அவர்களுக்கு எத்தனை கட்டை, அதாவது தீக்குச்சி அடுக்கும் சட்டம், அடுக்கினார்களோ அத்தனைக்குத்தான் கூலி. கை ஓடாவிட்டால் காசு போச்சு. அன்றைக்கு ராத்திரி அந்தப் பட்டியலோடு உட்கார்ந்தேன். அறுபது நிமிஷக் கேசட், ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஆறு போட்டால் இருபத்தேழு நிமிஷம் வரும். மிச்சம் மூன்று நிமிஷத்தைச் சும்மா விட்டால் கரகரவென்று ஓடும், பாதிப் பாட்டை ஏற்றினால் சரணத்தில் அறுந்துபோகும். பழைய படங்களில் இரண்டே முக்கால் நிமிஷப் பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கடைசியில் வைத்தேன். சந்தோஷமான பாட்டில் ஆரம்பித்து, மெதுவாக இறங்கி, பி சைடு கடைசியில் அவர்கள் கேட்ட சோகப் பாட்டு இரண்டும். முடித்ததும் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டேன், யாரும் தவறிப்போய் மேலே பதிந்துவிடக் கூடாதே. அட்டையில் படம், பாடியவர், எழுதியவர் என்று மூன்றும் எழுதிக் கொடுத்தேன்.

இப்படிப் பதிவு பண்ணிக் கொடுத்தது சட்டப்படி சரியில்லை. அதை நான் மறைக்கவில்லை, அதில் உங்களுக்குச் சேரவேண்டிய பணம் போனதும் தெரியும். ஆனால் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் ஏன் முளைத்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் கேட்ட பன்னிரண்டு பாட்டும் மூன்று, நான்கு நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தன. உங்களில் எவர் போட்ட தொகுப்பிலும் அவை ஒன்றாக வந்திருக்க வழியே இல்லை. தன்னிடம் உரிமை உள்ள பாட்டை மட்டும் வைத்துத்தான் ஒவ்வொருவரும் 'பெஸ்ட்' போட்டீர்கள். கேட்கிறவருக்கு ஏது கம்பெனி? அவருக்குப் பாட்டுதான் தெரியும்.

2000க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். ஒரு பாடகியின் பெயரில் வந்த தொகுப்பு சி.டி.யை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு விற்றேன். மறுநாளே திரும்பக் கொண்டுவந்தார். பன்னிரண்டில் இரண்டு பாட்டு வேறு பாடகி பாடியது. ஒரு பாட்டின் முன்னிசையை வெட்டிவிட்டு நேராகப் பல்லவியில் ஆரம்பித்திருந்தார்கள். அட்டையில் பாடலாசிரியர் பெயர் ஒன்றுகூட இல்லை. "இதைத் தயார் பண்ணவர் ஒருதடவையாவது போட்டுக் கேட்டாரா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு பக்கம், ஒரே எட்டுப் பாட்டு 'மெலடி' என்றும், 'டூயட்' என்றும், 'மழைப் பாடல்கள்' என்றும் வேறு வேறு அட்டைக்குள் வந்துகொண்டே இருந்தது. ஏற்கெனவே இருக்கிறதே என்று ஆட்கள் வைத்துவிட்டுப் போனார்கள். இது என் கண் முன்னால் நடந்தது.

அப்புறம் வந்தவை எல்லாருக்கும் தெரிந்த கதை. நூற்றுக்கும் மேல் பாட்டு அடங்கிய திருட்டு எம்பி3 சி.டி. வந்தது. அடுத்து பென் டிரைவ், செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது. நான் கடையை மூடி நான்கு வருஷத்தில் ஜியோ வந்தது, பாட்டுக்குத் தனியாகக் காசு கொடுப்பது என்பதே பலருக்கு மறந்துபோனது. இப்போது வரும் கார்களில் சி.டி. போட இடமே கிடையாது. இதற்கெல்லாம் உங்கள்மேல் பழி போடவில்லை.

ஆனால் ஸ்ட்ரீமிங் வந்துவிட்டது, தொகுப்பின் வேலை முடிந்தது என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என் மகள் போனில் செயலி போட்டுக் கொடுத்தாள். 1970களின் பாட்டு ஒன்றுக்குக் கீழே 2014 என்று இருக்கிறது. அது ஏற்றிய வருஷமாம். எழுதியவர் பெயரைத் தேடி எங்கெங்கோ தொட்டும் கிடைக்கவில்லை. போன மாதம் கேட்ட பாட்டு இந்த மாதம் மங்கிப்போய்க் கிடக்கிறது, தொட்டால் பாடவில்லை. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது பாட்டுக்கு முன்னால் சொல்லும் விவரங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யார் என்று சொல்லாமல் ஒரு பாட்டை ஒலிபரப்புவது எங்களுக்கு மரியாதைக் குறைவாகத்தான் படுகிறது.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25 அன்று போனார். அந்த வாரம் பழைய வாடிக்கையாளர்கள் மூன்று பேர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள்: "அவர் பாட்டு எல்லாம் சேர்ந்த மாதிரி ஒரு நல்ல செட் இருக்கா அண்ணாச்சி? கையில் வைத்துக்கொள்ள வேண்டும்." 1969இல் தமிழில் வந்தவர், ஐம்பது வருஷம் பாடினார். அவர் பாட்டு உங்களில் அநேகமாக எல்லாரிடமும் துண்டு துண்டாக இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒழுங்காக வரிசைப்படுத்திய ஒரு பெட்டியை அவர்களுக்கு என்னால் காட்ட முடியவில்லை. வாங்க ஆள் இருந்தது, காசும் இருந்தது. பொருள்தான் இல்லை.

போட்டி நிறுவனங்கள் எப்படிச் சேர்வது என்பீர்கள். பிரிட்டனில் வர்ஜினும் இ.எம்.ஐ.யும் அதைத்தான் செய்தன. 1983 நவம்பரில் இரண்டும் தங்கள் பாட்டுகளை ஒன்றாகப் போட்டு 'நௌ தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' என்று ஒரு தொகுப்பு வரிசையைத் தொடங்கின. இப்படிப்பட்ட தொகுப்புகள் விற்பனைப் பட்டியலின் மேல் இடங்களைப் பிடித்துக்கொண்டதால் 1989இல் தொகுப்புகளுக்கென்று தனிப் பட்டியலே ஒதுக்கினார்கள். 1999இல் வந்த 44ஆம் தொகுப்பு அந்த நாட்டில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அங்கேயும் சி.டி. விற்பனை பின்னால் சரிந்தது. கடைகள் மூடின. இருந்தும் வரிசையை நிறுத்தவில்லை, 2018இல் நூறாவது தொகுப்பு வந்தது. எண் போட்டு வந்ததால் ஒன்றை வாங்கியவர் அடுத்ததையும் அலமாரியில் சேர்த்து வைக்க ஆசைப்பட்டார். நம்மிடம் இன்றுவரை அப்படி ஒரு வரிசை இல்லையே என்பது எனக்குப் பெரிய ஏக்கம்.

நம் நாட்டிலேயே சரிகம நிறுவனம் 2017இல் கார்வான் என்று ரேடியோ மாதிரி ஒரு பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. உள்ளே 5,000 பழைய பாட்டு, பாடகர் வாரியாகப் பிரித்து வைத்தது. அப்போது விலை ஏறத்தாழ 6,000 ரூபாய். இந்திக்கு வந்து, தமிழுக்கும் வந்தது. போனில் சும்மா கிடைக்கும் பாட்டுக்கு அவ்வளவு கொடுத்து அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். திருகினால் பாட வேண்டும், நடுவில் விளம்பரம் வரக்கூடாது. யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்க வேண்டும். இதற்குத்தான் அந்தக் காசு.

சரி, என்ன செய்யலாம்? ஆயிரக்கணக்கில் அடித்துக் கடைகளுக்கு அனுப்பச் சொல்லவில்லை, அந்தக் கடைகளும் இப்போது இல்லை. தமிழ்ப் பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவித்து, பணம் கட்டியவர்களை எண்ணி, அதற்கேற்பக் கனமான புத்தகங்களை அச்சடிக்கின்றன. அதேபோல நீங்களும் செய்யலாம். ஐந்நூறு பேர் பணம் கட்டினால் ஐந்நூறு பெட்டி. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு கடை போடுங்கள், பாட்டை நேசிக்கிற கூட்டம் அங்கேதான் நடந்துபோகிறது. சி.டி.யாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை, எல்.பி. தட்டாக இருந்தாலும் சரி, அட்டைப் பெட்டிக்குள் பென் டிரைவாக இருந்தாலும் சரி. கையில் கொடுக்கிற மாதிரி, பெயர் எழுதிப் பரிசளிக்கிற மாதிரி இருக்கவேண்டும்.

உள்ளே ஒரு சிறு புத்தகம் கட்டாயம் வேண்டும். பாட்டு வாரியாக எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், படம், வருஷம். புல்லாங்குழலும் வயலினும் வாசித்தவர்கள் பெயர் கிடைத்தால் அதுவும். முன்னிசை வெட்டாமல் மூல நாடாவிலிருந்து எடுத்த முழுப் பாட்டு வேண்டும். தேர்ந்தெடுத்தவர் பெயரை அட்டையில் போடுங்கள். பெயர் போட்டால்தான் அவர் கவனமாக இருப்பார். எஸ்.பி.பி.யின் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். வாணி ஜெயராமுக்கும் ஸ்வர்ணலதாவுக்கும் மலேசியா வாசுதேவனுக்கும் அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

இன்னொன்று, இதில் காலம் கடத்த முடியாது. நம் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை அறுபது வருஷம்தான். 1964இல் வெளிவந்த ஒலிப்பதிவின் உரிமை 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் இன்னொரு வருஷத்துப் பாட்டு உங்கள் கையை விட்டுப் போகும். மூல நாடா உங்கள் அலமாரியில் இருக்கும்போதே, அது பூஞ்சை பிடித்து உதிரும் முன்னே, நல்லபடியாக ஒருமுறை வெளியிட்டுவிடுங்கள். பிறகு அந்த ஒலிப்பதிவின் உரிமை உங்களிடம் இல்லை என்றாகும்போது, தேய்ந்த தட்டிலிருந்து எடுத்த கரகரப்புதான் மிஞ்சும்.

கடையை மூடியபோது சரக்கையெல்லாம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். கேசட் அட்டைகளை மட்டும் கொடுக்கவில்லை. உடைந்தது, இழுத்துப்போனது, திரும்பி வந்தது என்று கழித்த கேசட்டுகளின் அட்டைகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டாயிரத்துக்குக் குறையாது. செயலியில் இல்லாத பாடலாசிரியர் பெயர்கள் பலவும் அவற்றில் அச்சாகியிருக்கின்றன. படவாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். உங்களில் யார் இந்த வேலையை எடுத்தாலும் அந்தப் பெட்டியைக் காசில்லாமல் தருகிறேன். வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
கேசட் கடைக்காரர்,
கோவில்பட்டி