ஆக்ஸிஜன் சிலிண்டர் வேண்டாம் என்று ஏன் சொன்னேன்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்குமே என்று கேட்டிருந்தாய். மூச்சு முட்டுகிறது என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் என் நிலையில் அது உதவாது. சில வேளைகளில் தீங்காகவும் முடியும். அம்மா சற்று ஓய்வெடுக்கட்டும் என்று நீ வந்து தங்கும் நாட்களில் கருவிகளை நீதான் கையாள வேண்டியிருக்கும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் நுரையீரலில் கோளாறு இல்லை. தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் மோட்டார் நியூரான் நோய், கைகால்களைப் போலவே உதரவிதானத்தையும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளையும் தளர்த்திவிடுவதால், போதிய காற்று உள்ளே போவதில்லை. வெளியேற வேண்டிய கரியமில வாயுவும் ரத்தத்தில் தேங்கிவிடுகிறது. மல்லாந்து படுக்கும்போதும் ஆழ்ந்து தூங்கும்போதும் இது கூடும். காலைத் தலைவலி, பகலில் உட்கார்ந்தபடியே கண் செருகுவது, பசியின்மை எல்லாம் அதன் அடையாளங்கள். இந்த நிலையில் ஆக்ஸிஜனை மட்டும் கொடுத்தால், விரலில் மாட்டும் கருவி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே கரியமில வாயு ஏறி நினைவு தப்பும் வரை போகலாம். ஆகவே அவசரத்தில் என்னை எங்கே கொண்டு போனாலும், ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவைப் பார்க்கும்படியும், ஆக்ஸிஜன் தேவைப்பட்டால், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் பைபேப் கருவியோடு சேர்த்தே கொடுக்கும்படியும் நீ முதலில் சொல்லிவிட வேண்டும். கருவியையும் மாஸ்க்கையும் கூடவே எடுத்துச் செல்.

பைபேப் செய்வது எளிய வேலை. நான் மூச்சை இழுக்கத் தொடங்கியதும் கூடுதல் அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். விடும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். தசை செய்ய வேண்டிய உழைப்பை அது ஏற்றுக்கொள்வதால் இரவில் தூங்க முடிகிறது. 2006-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், தொண்டைத் தசைகள் அதிகம் பாதிக்கப்படாத நோயாளிகளுக்கு இந்தக் கருவியால் வாழ்நாள் இடைநிலைக் கணக்கில் 205 நாட்கள் கூடியது; வாழும் நாட்களின் தரமும் மேம்பட்டது. எனக்குப் பின்னதே பெரிதாகப் படுகிறது. மாஸ்க்கை இறுக்கிக் கட்டினால் மூக்குத் தண்டில் புண் வரும், தளர்த்தினால் காற்று கண்ணில் அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது பழகப் பழகத்தான் வரும். மூக்குத் தண்டு சிவந்திருந்தால் வேறு வடிவ மாஸ்க்கை மாற்றிப் போடு.

என் உண்மையான கவலை இருமலைப் பற்றியது. இருமுவதற்கு ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும், குரல்வளையை மூடி அழுத்தத்தைச் சேர்க்க வேண்டும், பிறகு வயிற்றுத் தசைகள் ஒரே வீச்சில் காற்றை வெளியே தள்ள வேண்டும். இந்த நோயில் மூன்றுமே நலிகின்றன. இருமலின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் சாதாரணச் சளியே மார்புத் தொற்றாக மாறக்கூடும். 160-க்குக் கீழே என்றால் சளியைத் தானாக வெளியேற்ற முடியாது. எனவேதான் இருமலுக்கு உதவும் காஃப் அசிஸ்ட் கருவி. 1950-களில் இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசை இழந்தவர்களுக்காக வந்த உத்தி இது.

காஃப் அசிஸ்ட் மாஸ்க்கை முகத்தோடு நன்றாக அழுத்திப் பிடி; சிறு இடைவெளி இருந்தாலும் பயனில்லை. கருவி காற்றை உள்ளே நிரப்பும்போது விலா விரிவதை நீயே பார்க்கலாம். மறுகணம் அது உறிஞ்சத் திரும்பும். அந்த நொடியில் நான் இரும முயல்வேன், நீ மற்றொரு கையால் மேல்வயிற்றை உள்நோக்கி மேலாகத் தள்ள வேண்டும். நாலைந்து மூச்சுக்குப் பிறகு மாஸ்க்கை எடுத்து, வாய்க்கு வந்த சளியைத் துடைத்துவிட்டு, நான் தலையசைத்த பின் மறுசுற்றைத் தொடங்கு. பார்க்கக் கொடூரமாக இருக்கும். எனக்கோ அடைத்த குழாய் திறந்தாற்போல் இருக்கும். சாப்பிட்டவுடன் செய்யாதே. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உள்ளே தள்ளவும் வெளியே உறிஞ்சவும் 40 செ.மீ. நீர் அழுத்தத்தில் பிசியோதெரபிஸ்ட் நிறுத்தியிருக்கிறார். அந்த எண்களை நீ மாற்ற வேண்டாம். தொண்டைத் தசை தளரத் தளர, வேகமாகத் தள்ளும் காற்றுக்கே குரல்வளை சுருங்கிக்கொள்வதுண்டு. மார்பு விரியவில்லை என்றால் அவரைக் கூப்பிடு.

மின்சாரம் போனால் பதற வேண்டாம். பைபேப் பேட்டரியில் ஓடும். சளிக்கு, கையால் பிதுக்கிக் காற்றைச் செலுத்தும், ஒருவழி வால்வு வைத்த ஆம்பு பை இருக்கிறது. மூன்று நான்கு முறை பிதுக்கி, காற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபின் என்னை இருமச் சொல்.

கழுத்தில் துளையிட்டு வென்டிலேட்டரில் வைப்பது பற்றியும் கேட்டிருந்தாய். அது ஆயுளை நீட்டிக்கும், நோயை நிறுத்தாது, இரவும் பகலும் ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். எனக்கு அது வேண்டாம் என்று அம்மாவிடமும் மருத்துவரிடமும் சொல்லி, எழுதியும் வைத்திருக்கிறேன். மூச்சுத் திணறலையும் பதற்றத்தையும் தணிக்கக் குறைந்த அளவு மார்ஃபின் முதலிய மருந்துகள் இருக்கின்றன. பைபேப்பை நிறுத்த வேண்டிய கட்டம் வந்தாலும் அவற்றைக் கொடுத்து, திணறாமல் நிறுத்த முடியும் என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார். இதில் உனக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுது. என்னால் பதில் சொல்ல முடிகிற காலத்திலேயே அதைப் பேசி முடித்துவிட விரும்புகிறேன்.

அன்புடன்,
அப்பா