முகூர்த்த மேளத்துக்கு மண்டபத்தில் செய்து தர வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறக்கப் போகிறது. மண்டபம், சமையல், பூ அலங்காரம், வீடியோ என்று எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் முன்னதாக ஆள் பேசிவிடுகிறார்கள். மேளத்துக்கு மட்டும் பல வீடுகளில் கடைசி வாரத்தில்தான் ஆள் தேடுகிறார்கள். அப்புறம் கல்யாணத்தன்று "நாயனம் காதைக் கிழிக்கிறது", "சுருதியே சேரவில்லை", "தாலி கட்டும்போது மேளம் எங்கே போனது" என்று குறை சொல்கிறார்கள். இந்தக் குறைகள் பெரும்பாலும் வாசிப்பவரால் வருவதில்லை. அவரை உட்கார வைத்த இடம், அவர் முன்னால் நீட்டிய மைக், மண்டபத்தின் ஏசி ஆகியவற்றால் வருபவை. மூன்றையும் செலவில்லாமல் சரிசெய்யலாம். கல்யாண வீட்டார், மண்டபக்காரர்கள், ஒலிபெருக்கி போடுபவர்கள் ஆகிய மூவருக்காகவும் மேளம் வாசிக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதலில் ஆள் கணக்கு. முறையான பெரிய மேளம் என்றால் இரண்டு நாகசுரம் (நாயனம்), இரண்டு தவில், தாளம் போட ஒருவர், சுருதிக்கு ஒருவர். சிக்கனம் என்று இதை ஒரு நாயனம், ஒரு தவில் எனக் குறைக்கும் வழக்கம் பரவிவிட்டது. நாகசுரம் முழுக்க முழுக்க மூச்சில் நிற்கும் வாத்தியம். நிச்சயதார்த்தத்தில் தொடங்கி முகூர்த்தம் வரை நான்கைந்து மணி நேரத்தை ஒரே ஆள் ஊதித் தீர்க்க முடியாது. இருவர் இருந்தால் ஒருவர் ராகம் விரிக்கும்போது மற்றவர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக் கார்வை கொடுப்பார், முன்னவர் மூச்சு வாங்கும் இடத்தில் எடுத்துக்கொள்வார். தனியாள் இருந்தால் நடுநடுவே மௌனம் விழும். அந்த மௌனத்தை நிரப்ப யாராவது ஒலிநாடாவைப் போட்டுவிடுவார்கள். ஒருவரைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் சுருதிக்கு வரும் ஆளைக் குறைத்து மின்சுருதிப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். முன்பு ஒத்து ஊதினார்கள். விரல் துளையில்லாத அந்தக் குழலில் ஒரே சுரத்தை அறுபடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று ஒத்து ஊதும் ஆள் கிடைப்பதே அரிது என்பதால் பெட்டியைக் குறை சொல்ல மாட்டோம். இரண்டாவது நாயனத்தையும் தாளத்தையும் மட்டும் வெட்டாதீர்கள்.

ஏசி மண்டபத்தில் ஏன் சுருதி விலகுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாகசுரத்தின் உடல், அதாவது உலவு, ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் இந்த வேலைக்குப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரத்தையும் தூணையும்தான் தேடி வாங்குவார்கள். பல தலைமுறை காய்ந்த மரம் இனி வளையாது, விரியாது. (அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) ஆகவே உலவு ஏசியில் அவ்வளவாக மாறுவதில்லை. மாறுவது உள்ளே இருக்கும் காற்றும், வாயில் வைத்து ஊதும் சீவாளியும்.

குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். வாசிக்க வாசிக்க மூச்சின் சூட்டில் மெல்ல ஏறும். பக்கத்தில் உள்ள மின்சுருதியோ வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். வெளியே பந்தலில் வெயிலில் நின்று மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்துவிட்டு நேரே உள்ளே வந்து உட்கார்ந்த உடனே "ஆரம்பியுங்கள்" என்றால் முதல் பத்து நிமிடம் சுருதி தள்ளாடத்தான் செய்யும். அதே கூடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து ஊதிச் சூடேற்ற நேரம் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சீவாளி அதைவிட நுட்பமானது. காவிரி, கொள்ளிடக் கரைகளில் விளையும் நாணல் தட்டையை உலர்த்தி, ஊறவைத்து, சூடுகாட்டி, மடித்து, நூலால் கட்டிச் செய்வது. திருவாவடுதுறையில் இது பரம்பரைத் தொழில். இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மயிரிழை கூடினால் ஊதுவது பளுவாகும், குறைந்தால் ஒலி அடைக்கும். இதழ் ஈரமாக இருக்கும்வரைதான் அந்த இடைவெளி நிற்கும். ஏசிக் காற்று வறண்டது. அது நேரே முகத்தில் அடித்தால் இரண்டு உருப்படிகளுக்கு இடையே வாத்தியத்தைக் கீழே வைத்த நேரத்துக்குள் சீவாளி காய்ந்து சுருங்கிவிடும். நாகசுரத்தின் மேல்பாகத்தில் நூலில் கோத்துத் தொங்கும் சீவாளிகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஒன்று கெட்டால் உடனே மாற்றுவதற்கான கையிருப்பு அது. கூடவே தொங்கும் ஊசி, சீவாளியின் வாயைச் சரிசெய்ய. எனவே மேளம் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே ஏசி வாய் இருந்தால் அதன் இதழ்களை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். குடிக்க வெந்நீர் ஒரு குடுவை வைத்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் மண்டப மேலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்னொன்று: நாயனங்களை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகச் சொல்லாதீர்கள். உலவில் விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றில் தேவையானதை மெழுகு வைத்து அடைத்துத்தான் சுருதியைக் கட்டியிருப்பார்கள். பூட்டிய காரின் சூட்டில் அந்த மெழுகு இளகி நகர்ந்துவிடும்.

தவிலுக்கு வேறு பிரச்சினை. ஒரே பலாக்கட்டையைக் குடைந்த உடல், வலப்பக்கம் இறுக்கமான வலந்தலை, இடப்பக்கம் தொய்வான தொப்பி. வலந்தலையைக் கூடு எனும் கெட்டியான உறை மாட்டிய விரல்களாலும், தொப்பியைப் பூவரசங்கழியாலும் வாசிப்பார்கள். தோல் ஈரம் வாங்கினால் தொய்யும், காய்ந்தால் இறுகும். மழைக்காலத்தில் வெளியே வாசித்து நன்றாக முறுக்கேற்றிய தவிலை அப்படியே ஏசிக்குள் கொண்டுவந்தால் தோல் மேலும் இறுகி, நாதம் மரப்பலகையைத் தட்டியது போலக் கட்டையாகும். சில நேரம் வலந்தலை கிழிந்தே போகும். இப்போது பெரும்பாலும் தோல் வாருக்குப் பதிலாக இரும்பு வளையமும் திருகாணியும் வைத்த தவில்கள்தாம் என்பதால் தளர்த்தி மறுபடி இறுக்குவது எளிது. ஆனால் அதற்கும் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் "ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று கேட்காமல் இருந்தால் பெரிய உபகாரம்.

இனி மைக். இங்கேதான் மிகப் பெரிய கேடு நடக்கிறது. நாகசுரம் நான்கு மாடவீதிக்கும் கேட்க வேண்டும் என்று உருவான வாத்தியம். ஐந்நூறு பேர் அமரும் கூடத்துக்கு அதற்கு மைக்கே தேவையில்லை. வீடியோக்காரருக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஒலி வேண்டும் என்றால் வைக்கலாம், ஆனால் நாயனத்தின் கீழ்முனையில் விரிந்திருக்கும் அணசின் வாய்க்குள் நுழைக்கிற மாதிரி வைக்கக் கூடாது. நாகசுரத்தின் ஒலி அணசு வழியாக மட்டும் வெளிவருவதில்லை. திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. அணசின் முன்னால் மைக்கை ஒட்டிவைத்தால் சில சுரங்கள் இடியாக விழும், சில காணாமல் போகும், கமகம் என்கிற சுர அசைவு உடைந்து கேட்கும். மூன்று நான்கு அடி தள்ளி, வாசிப்பவரின் கை உயரத்துக்குச் சற்று மேலே, துளைகளுக்கும் அணசுக்கும் நடுவில் பார்க்கும்படி ஒரு மைக். இரண்டு நாயனத்துக்கும் அதுவே போதும். தவில்கள் இரண்டுக்கும் நடுவே மூன்றடி தள்ளி இன்னொன்று. வலந்தலையை ஒட்டி மைக் வைத்தால் கூட்டின் "டக் டக்" மட்டும்தான் கேட்கும், தொப்பியின் கும்காரம் செத்துவிடும். எதிரொலி கூட்டும் பொத்தானை முழுவதும் அணைத்துவிடுங்கள். பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள மண்டபமே வேண்டிய அளவு எதிரொலிக்கும். அதன் மேல் செயற்கையாக இன்னொன்று சேர்ந்தால் தவிலின் சொற்கள், அதாவது தாள அடிகள், ஒன்றோடொன்று குழம்பிப் போகும்.

இடம் பத்தடிக்கு ஆறடியாவது வேண்டும். இன்றைய பாரி நாயனம் ஏறக்குறைய மூன்றடி நீளம். நாகசுர மேதை திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898-1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆசாரி செய்து கொடுத்த நீண்ட வாத்தியத்தின் வழி வந்தது இது. முன்பு இருந்த திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. தவில் வாசிப்பவரின் கழிக்கை வீசுவதற்கும் இடம் விட வேண்டும். தூணுக்கும் பூத்தொட்டிக்கும் இடையில் அறுவரைத் திணித்தால் யாராலும் வாசிக்க முடியாது. எந்த இடம் கொடுத்தாலும் அங்கிருந்து மணவறை நேராகத் தெரிய வேண்டும்.

தெரிய வேண்டியது ஏன் என்றால் கெட்டிமேளத்துக்காக. திருப்பூட்டும் (தாலி கட்டும்) நொடியில் தும்மலோ அபசகுனமான ஒரு சொல்லோ மணமக்கள் காதில் விழக் கூடாது என்று எல்லா ஒலியையும் மூடுவதற்காக வந்த வழக்கம் அது. அதுவரை வாசித்துக்கொண்டிருந்த உருப்படியைச் சட்டென்று விட்டுவிட்டு நாயனமும் தவிலும் ஒரே வேகத்தில் எழும்ப வேண்டும். புரோகிதர் விரலை உயர்த்துவதுதான் அடையாளம். இப்போது மணவறையைச் சுற்றி நான்கு கேமராக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கைபேசியை உயர்த்தியபடி உறவினர்கள். விரல் எங்கே தெரியும்? யாரோ ஒருவர் "கெட்டிமேளம்!" என்று கத்துகிறார். பாதி நேரம் அது தாலியைத் தட்டில் வைத்து ஆசி வாங்கச் சுற்றும்போதே கத்தப்படுகிறது. மேளம் எழும்பி ஓய்ந்த பிறகு தாலி கட்டுகிறார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை மேளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, புரோகிதரைப் பார்த்துக் கையசைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டால் இது தவறவே தவறாது.

எதை எப்போது வாசிப்பது என்பதில் வாசிப்பவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. அதிகாலை முகூர்த்தம் என்றால் பூபாளம், பௌளி ராகங்கள், பிறகு மலயமாருதம், பிலஹரி. தொடக்கத்தில் நாட்டை. ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி. முகாரியைக் கல்யாணத்தில் எடுப்பதில்லை. முடிவில் மத்யமாவதி, மங்களம். சினிமாப் பாட்டு கேட்பதைத் தவறென்று சொல்ல மாட்டோம். மாலை வரவேற்பில் எத்தனை வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஓமம் நடக்கும்போது சீட்டு எழுதி அனுப்புவதுதான் கூடாது.

மல்லாரி பற்றியும் ஒரு வார்த்தை. மணமகள் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது மல்லாரி வாசிக்கச் சொல்லும் பழக்கம் சமீபத்தில் பெருகியிருக்கிறது. மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. கம்பீரநாட்டை ராகத்தில், சாகித்தியம் (பாடல் வரிகள்) இல்லாமல், தாளச் சொற்கட்டாகவே அமைந்தது. தீர்த்தம் கொண்டுவர ஒன்று, தளிகை எனும் நிவேதனத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று கோயில் வழிபாட்டின் ஒவ்வொரு கட்டத்தோடும் கட்டப்பட்டது. அதைக் கேட்டதுமே சுவாமி புறப்பட்டாயிற்று என்று தெருவுக்குத் தெரியும். அந்தப் பொருளை அதனிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். மணமகள் வருகைக்குக் கல்யாணியும் கரகரப்பிரியாவும் இருக்கின்றன.

இதைச் சொல்லும்போது கோயில்களையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீபாராதனைக்கு மோட்டாரில் ஓடும் மின்மேளத்தைப் போட்டுவிட்டு, மேளக்காரர் பணியிடத்தைக் காலியாகவே விட்டிருக்கும் கோயில்கள் பல. அந்த இயந்திரத்துக்குக் காலை, உச்சி, அர்த்தசாமம் எல்லாம் ஒன்றுதான். பள்ளியறைக்கு நீலாம்பரி வாசிக்க அதனால் ஆகாது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்று வெளிவரும் பிள்ளைகள் வேலை தேடிக்கொண்டிருக்கும்போது இந்த நிலை நீடிப்பது வேதனை.

கடைசியாகச் சில சில்லறைச் செய்திகள். மேடையில் செயற்கைப் புகை விடுவதாக இருந்தால் மேளம் ஓய்ந்த பிறகு விடச் சொல்லுங்கள். ஆழ்ந்து மூச்சிழுப்பவருக்கு அது தொண்டையை அடைக்கும். மாப்பிள்ளை அழைப்பில் வெடி வைத்தால் ஐம்பதடி முன்னால் வையுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு நிற்காது, எனவே மேளக்காரர்கள் முகூர்த்தம் முடியும்வரை காப்பியோடு இருப்பார்கள். முடிந்ததும் அவர்களுக்கு இலை போடுங்கள், கடைசிப் பந்திவரை காக்க வைக்காதீர்கள். பேசி முடிக்கும்போது முகூர்த்த நேரத்தோடு, ஊஞ்சல் உண்டா, மாப்பிள்ளை அழைப்பு எந்தத் தெருவிலிருந்து எவ்வளவு தூரம், மண்டபம் ஏசியா என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற சீவாளியை முதல் நாளே ஊதிப் பழக்கி எடுத்துவர முடியும்.

இப்படிக்கு,
நாகசுரம், தவில் வாசிப்போர் சிலர்,
கும்பகோணம் வட்டாரம்.